லாபத்தைப் பார்க்காமல் நிர்வாகத்தை அளப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கம் ஒரு கடை செழித்தால், "நிர்வாகம் நன்றாக இருக்கிறது" என்று ஊரார் சொல்வார்கள். அதே கடை பத்து ஆண்டுகள் கழித்து நொடித்துப்போனால், அதே ஊரார் "நிர்வாகம் சரியில்லை" என்பார்கள். இரண்டு தடவையும் அப்படிச் சொன்னவர்கள் கல்லாவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தவர்கள் அல்லர். கடையின் கதி தெரிந்த பிறகு, அதற்குப் பொருத்தமான காரணத்தைத் தேடி எடுத்தவர்கள். நாம் எல்லோருமே இப்படித்தான் பேசுகிறோம். ஆனால் ஒரு கடையின் வரவு செலவே தெரியாத ஒருவர், அதன் அன்றாட வேலைமுறையை மட்டும் விசாரித்து, இங்கே நிர்வாகம் நன்றாக நடக்கிறது என்றோ நடக்கவில்லை என்றோ சொல்ல முடியுமா? அப்படிச் சொன்னால் அந்தத் தீர்ப்பு, பின்னால் எடுத்துப் பார்க்கும் வரவு செலவுக் கணக்கோடு ஒத்துப்போகுமா? மேலாண்மை நடைமுறைகளுக்கும் நிறுவனத்தின் செயல்திறனுக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆய்வுகள் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளிலிருந்து கிளைத்தவையே.

முதலில் 'மேலாண்மை நடைமுறை' என்ற சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். முதலாளியின் சாமர்த்தியம், கைராசி, ஆளுமை ஆகியவற்றை அது குறிப்பதில்லை. ஓர் இடத்தில் வேலை எப்படி ஒழுங்குபடுத்தப்படுகிறது, தவறு எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது, கண்டுபிடித்தபின் யார் என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்லும், வெளியார் கண்ணால் பார்த்து உறுதிசெய்யக்கூடிய வழக்கத்தையே அது குறிக்கிறது.

ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் வார்க்கும் பட்டறை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் துண்டைக் கீழே வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, பூ வேலைப்பாடு கொண்ட தகட்டு அச்சைச் சட்டத்துக்குள் இறக்கி, அச்சின் ஒவ்வோர் அறையிலும் அதற்குரிய வண்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றி, பிறகு கை நடுங்காமல் அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்கலவையைத் தூவி, ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்து, உலரவிட்டு, சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்தால்தான் கல் ஆகும். இதில் எந்தக் கட்டத்திலும் கல் கெடலாம்: வண்ணம் ஒன்றோடொன்று கலந்துவிடலாம், மூலை உடையலாம், காய்ந்தபின் மயிரிழை போல விரிசல் ஓடலாம்.

இப்போது இரண்டு பட்டறைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே மணல், ஒரே சிமெண்டு, ஒரே அளவு கைத்தேர்ச்சி உள்ள ஆட்கள். முதல் பட்டறையில் கெட்ட கல்லைப் பின்பக்கக் குவியலில் போட்டுவிட்டு அடுத்த கல்லுக்குப் போகிறார்கள். இரண்டாவது பட்டறையில் சுவரில் ஒரு நோட்டு தொங்குகிறது. கெட்ட கல் ஒவ்வொன்றுக்கும் எந்த அச்சு, என்ன குறை, எந்த நாள் என்று ஒரு வரி எழுதுகிறார்கள். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது அந்த நோட்டை எல்லோருமாகப் பார்க்கிறார்கள். மூன்றாவது வாரத்தில், வண்ணம் கலங்கிய கற்களில் பெரும்பாலானவை ஒரே அச்சிலிருந்து வந்தவை என்பது புலப்படுகிறது. அச்சைத் திருப்பிப் பார்த்தால் ஒரு தகட்டு விளிம்பு வளைந்திருக்கிறது. அந்த நோட்டும் சனிக்கிழமைப் பேச்சும் விளிம்பை நிமிர்த்திய செயலும் சேர்ந்ததுதான் ஒரு மேலாண்மை நடைமுறை. அதற்குப் பெரிய முதலோ புதிய இயந்திரமோ தேவைப்படவில்லை. இருந்தும் முதல் பட்டறையில் அது நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதுதான் இந்த ஆய்வுத்துறையில் என்னை மிகவும் ஈர்க்கும் கேள்வி. அதற்குச் சற்றுப் பிறகு வருகிறேன்.

'செயல்திறன்' என்ற சொல்லுக்கும் ஒரு வரையறை வேண்டும். லாபம், விற்பனை வளர்ச்சி, தொழிலில் நீடித்து நிற்பது ஆகிய எல்லாவற்றையும் ஆய்வாளர்கள் பார்ப்பதுண்டு. ஆனால் அவர்கள் அதிகம் நம்புவது உற்பத்தித்திறனை. அதாவது, ஒரே அளவு உழைப்பையும் இயந்திரத்தையும் மூலப்பொருளையும் கொண்டு யார் எவ்வளவு ஆக்குகிறார்கள் என்ற கணக்கு. இதில் வியக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. ஒரே தொழிலைச் செய்யும் அமெரிக்க ஆலைகளை உற்பத்தித்திறன்படி வரிசையாக நிறுத்தினால், மேலிருந்து பத்து சதவீத இடத்தில் நிற்கும் ஆலை, கீழிருந்து பத்து சதவீத இடத்தில் நிற்கும் ஆலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்குகிறது என்று பொருளியல் அறிஞர் சாட் சைவர்சன் காட்டினார். இந்தியாவிலும் சீனாவிலும் இந்த இடைவெளி ஐந்து மடங்கையும் தாண்டுகிறது என்று 2009-இல் சாங்-டாய் ஷியேயும் பீட்டர் கிளெனோவும் வெளியிட்ட கட்டுரை கூறியது. ஒரே ஊரில், ஒரே பொருளைச் செய்பவர்களிடையே இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வருகிறது? 1887-இலேயே பிரான்சிஸ் வாக்கர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், தொழிலை நடத்துபவரின் திறமை வேறுபாடே இதற்குக் காரணம் என்று எழுதினார். அவர் எழுதியது ஊகம்தான். அதை அளந்து காட்ட இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அளப்பதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். மேலாளரிடமே கேட்டுவிட்டால் போகாதா? போகாது. 1920-இல் எட்வர்டு தார்ண்டைக் என்ற உளவியலாளர், ராணுவ மேலதிகாரிகள் தங்களுக்குக் கீழிருந்தவர்களுக்கு அளித்த மதிப்பீடுகளை ஆராய்ந்தார். ஒரு வீரரின் உடற்கட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதிய அதிகாரி, அவருடைய அறிவுத்திறன், தலைமைப் பண்பு, குணம் ஆகிய எல்லாவற்றையும் உயர்த்தியே எழுதியிருந்தார். ஒரு நல்ல பண்பின் ஒளி மற்ற எல்லாவற்றின் மீதும் படர்ந்துவிடுகிறது. நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். லாபம் கொழிக்கும் நிறுவனத்துக்குள் போகிற ஆய்வாளர், அங்கே எதைப் பார்த்தாலும் அதில் ஒழுங்கையே காண்பார். சட்டையின் கசங்கல்கூட எளிமை என்று தோன்றும். நஷ்டத்தில் இருப்பதாகத் தெரிந்த நிறுவனத்தில் அதே கசங்கல் அலட்சியமாகத் தெரியும். அப்படி அளந்துவிட்டு, நல்ல நிர்வாகம் உள்ள நிறுவனங்கள் லாபம் ஈட்டுகின்றன என்று முடிவு சொன்னால், நாம் கண்டுபிடித்தது நம்முடைய முன்முடிவைத்தான்.

இந்தச் சிக்கலுக்கு நிக்கோலஸ் புளூம், ஜான் வான் ரீனன் என்ற இரு பொருளியலாளர்கள் கண்ட வழி மிக நேர்த்தியானது. அவர்கள் 2007-இல் வெளியிட்ட கட்டுரையில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளைச் சேர்ந்த 732 நடுத்தர உற்பத்தி நிறுவனங்கள் இடம்பெற்றன. பயிற்சி பெற்ற நேர்காணல் செய்பவர்கள் ஆலை மேலாளர்களைத் தொலைபேசியில் அழைத்து, 18 நடைமுறைகளைப் பற்றிப் பேசினார்கள். ஒவ்வொரு நடைமுறைக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். தங்களுக்கு மதிப்பெண் போடப்படுகிறது என்பது மேலாளருக்குத் தெரியாது. அந்த நிறுவனத்தின் லாப நஷ்டம் நேர்காணல் செய்பவருக்குத் தெரியாது. பெரிய பெயர் எடுத்த நிறுவனங்களை விட்டுவிட்டு, வெளியே அதிகம் அறியப்படாத நடுத்தர நிறுவனங்களைத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இப்படி இரண்டு பக்கமும் கண்ணைக் கட்டிவிட்டு அளந்தபின்தான், வேறோர் இடத்திலிருந்து எடுத்த வரவு செலவு விவரங்களோடு அந்த மதிப்பெண்ணைப் பொருத்திப் பார்த்தார்கள்.

கேள்வி கேட்ட விதத்தையும் கவனிக்க வேண்டும். "உங்கள் ஆலையில் தரத்தைக் கண்காணிக்கிறீர்களா?" என்று கேட்டால், ஆம் என்பதைத் தவிர யாரும் வேறு பதில் சொல்லப்போவதில்லை. ஆகவே, "வேலை எப்படி நடக்கிறது என்பதை எந்த எண்களைக் கொண்டு தெரிந்துகொள்கிறீர்கள்? அவற்றை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறார்கள்? கடைசியாக ஒரு குறை வந்தபோது என்ன நடந்தது என்று சொல்லுங்கள்" என்று கதைபோலக் கேட்டுக்கொண்டே போனார்கள். நம் பூக்கல் பட்டறைகளில் முதலாமவரிடம் இதைக் கேட்டால், "கெட்டதைத் தனியாகப் போட்டுவிடுவோம்" என்பார். அது ஒன்றுக்கு அருகில் வரும். இரண்டாமவர் நோட்டையும் வளைந்த விளிம்பையும் பற்றிச் சொல்வார். அது நான்கையோ ஐந்தையோ தொடும். வேலையைக் கண்காணிப்பது, இலக்கு வைப்பது, ஆட்களைத் தேர்ந்து வளர்த்து ஊக்கப்படுத்துவது ஆகியவற்றைச் சுற்றியே அந்தப் பதினெட்டும் அமைந்திருந்தன.

மதிப்பெண் கூடிய நிறுவனங்களில் உற்பத்தித்திறனும் லாபமும் விற்பனை வளர்ச்சியும் கூடுதலாகவே இருந்தன. அவை தொழிலில் நீடித்து நிற்கும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. பின்னாளில் இந்த ஆய்வு 34 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விரிந்தபோதும் அதே போக்கே தென்பட்டது. நாடுகளின் சராசரியில் அமெரிக்கா 3.3 மதிப்பெண்ணுக்கு அருகிலும் இந்தியா 2.6 மதிப்பெண்ணுக்கு அருகிலும் நின்றன. இந்தச் சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு நம்மை நாமே தாழ்த்திக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைவிட, ஒரே நாட்டுக்குள் நிறுவனத்துக்கு நிறுவனம் உள்ள வேறுபாடு பெரிது. அமெரிக்கச் சராசரியைத் தாண்டிய இந்திய நிறுவனங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன.

அந்த நேர்காணலின் கடைசிக் கேள்வி ஒன்று என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. "உங்களை விட்டுவிட்டு, உங்கள் நிறுவனத்தின் நிர்வாகத்துக்குப் பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள்?" என்று கேட்டார்கள். பெரும்பாலோர் ஏழு மதிப்பெண் அளவில் சொன்னார்கள். அப்படி அவர்கள் சொன்ன எண்ணுக்கும் நிறுவனத்தின் உண்மையான செயல்திறனுக்கும் இடையே தொடர்பு ஏதும் இல்லை என்றே சொல்லலாம். மோசமாக நடத்துபவர்களுக்குத் தாங்கள் மோசமாக நடத்துகிறோம் என்பது தெரிந்திருக்கவில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே காணப்படுகின்றன என்பதைத்தான் காட்டுகின்றன. ஒன்று மற்றதற்குக் காரணம் என்பதை அல்ல. கானாடுகாத்தானில் பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கும் பெரிய வீட்டைப் பார்த்து, இந்த வீடு இருந்ததால்தான் இவர்களுக்குப் பணம் வந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பணம் வந்ததால் வீடு கட்டினார்கள். நல்ல நடைமுறைகளும் அந்த வீட்டைப் போன்றவையாக இருக்கலாம் அல்லவா? லாபம் கொழிக்கும் நிறுவனத்துக்குத்தான் நோட்டுப் போட ஆளும், கூட்டம் போட நேரமும் இருக்கும். இந்த ஐயத்தைத் தீர்க்க ஒரே வழி, சில நிறுவனங்களின் நடைமுறையை வேண்டுமென்றே மாற்றிவிட்டு, மற்றவற்றை அப்படியே விட்டுவைத்து, பிறகு இரண்டையும் ஒப்பிடுவது. யாருக்கு மாற்றம், யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டும். விருப்பத்துக்கு விட்டால், ஏற்கெனவே முனைப்புள்ளவர்களே முன்வந்து நிற்பார்கள். விளைவு முனைப்பினால் வந்ததா நடைமுறையினால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

அந்தச் சோதனை நடந்தது நம் நாட்டில்தான். புளூமும் உலக வங்கியின் டேவிட் மெக்கென்சி உள்ளிட்ட சிலரும் சேர்ந்து, மும்பைக்கு அருகே தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளில் துணி நெய்யும் 17 நிறுவனங்களைத் தேர்ந்தார்கள். எல்லாமே குடும்ப நிறுவனங்கள். அவற்றின் ஆலைகளில் இருபதைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, 14 ஆலைகளுக்கு ஒரு பன்னாட்டு ஆலோசனை நிறுவனத்தின் உதவியை இலவசமாக அளித்தார்கள். ஒரு மாதம் ஆலையை ஆராய்ந்து, அடுத்த நான்கு மாதம் கூடவே நின்று நடைமுறைகளை மாற்றிக்கொடுக்கும் உதவி அது. மீதி ஆறு ஆலைகளில் அந்த ஒரு மாத ஆராய்ச்சி மட்டும் நடந்தது. அவை ஒப்பீட்டுக் குழு.

ஆலோசகர்கள் முதலில் உள்ளே போனபோது கண்ட நிலை, துணி ஆலை எதையும் பார்த்திராதவருக்கும் எளிதில் புரியும். நூல் மூட்டைகள் பெயர்ச்சீட்டு இல்லாமல் குவிந்து கிடந்தன. வேண்டிய நூல் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாமல் புதிதாக வாங்கினார்கள். கருவிகள் தரையில் கிடந்தன. தறி பழுதானால் சரி பார்த்தார்கள். பழுதாவதற்கு முன் பார்க்கும் வழக்கம் இல்லை. நெய்த துணியில் இருந்த குறைகளைக் கையால் தேடித் திருத்துவதற்கென்றே, மொத்த ஆட்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் உட்கார்ந்திருந்தார்கள். குறையைத் திருத்துவதற்கு இத்தனை பேர். ஆனால் அது எந்தத் தறியில், எந்த வடிவத்தில், எதனால் வந்தது என்பதைத் தொகுத்துப் பார்க்க ஒருவரும் இல்லை.

ஆலோசகர்கள் 38 நடைமுறைகளைப் பட்டியலிட்டு அறிமுகம் செய்தார்கள். குறைகளை வகைவாரியாக நாள்தோறும் எழுதுவது, காலையில் மேலாளர்கள் கூடி முந்தைய நாளின் குறைகளைப் பார்ப்பது, தறிகளுக்கு முன்கூட்டியே பராமரிப்புக் கால அட்டவணை வைப்பது, நூலுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டி அடுக்குவது போன்றவை அவை. எல்லாமே நம் சுவர் நோட்டின் உடன்பிறப்புகள். முதல் ஆண்டிலேயே இந்த ஆலைகளின் உற்பத்தித்திறன் ஒப்பீட்டு ஆலைகளைவிட 17 சதவீதம் உயர்ந்தது. துணியின் தரம் கூடியது, வேலை விரைந்தது, தேங்கிக் கிடந்த சரக்கு குறைந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் அந்த நிறுவனங்கள் புதிய ஆலைகளையும் திறந்தன. 2013-இல் இந்தக் கட்டுரை வெளியானபோது, நிர்வாகம் என்பது வெறும் பேச்சு என்று கருதிவந்த பொருளியலாளர்களும் அதைக் கவனிக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு பயன் தரும் நடைமுறைகளை அந்த முதலாளிகள் ஏன் முன்பே செய்யவில்லை? முதன்மையான காரணம், அறியாமை. அது இரண்டு வகை. சில நடைமுறைகளைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டவற்றைப் பற்றியோ, தங்கள் ஆலைக்கு அது பயன்படாது, தங்கள் தரம் மற்றவர்களுடைய தரத்துக்குக் குறைந்ததல்ல என்று நம்பினார்கள். குறைகளையே எண்ணாதவருக்கு, குறைகள் அதிகம் என்பது எப்படித் தெரியும்? பத்துக்கு ஏழு கொடுத்துக்கொண்ட மேலாளர்களை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் போட்டி இவர்களை ஏன் வெளியேற்றவில்லை என்ற கேள்வி எழும். நன்றாக நடத்துபவர் பெருகி, மோசமாக நடத்துபவரின் வாடிக்கையைப் பறித்துக்கொள்ள வேண்டும் அல்லவா? அதுவும் நடக்கவில்லை. அந்த நிறுவனங்களில் முக்கியமான முடிவு எதையும் குடும்பத்தார் மட்டுமே எடுத்தார்கள். வெளியாளிடம் பொறுப்பை ஒப்படைத்தால் திருடிவிடுவார், திருடினால் வழக்குப் போட்டு மீட்க ஆண்டுக்கணக்காகும் என்ற அச்சம். ஆகவே எத்தனை மகன்களும் சகோதரர்களும் இருக்கிறார்களோ, அந்த அளவுக்குத்தான் நிறுவனம் வளர முடிந்தது. நிர்வாகத் திறமையைவிட, குடும்பத்தில் உள்ள ஆண்களின் எண்ணிக்கையே நிறுவனத்தின் அளவைத் தீர்மானித்தது.

இதைப் படித்தபோது நான் எங்கள் அப்பத்தா வைத்திருந்த பெட்டகத்தை நினைத்தேன். அதில் ஐயா காலத்துப் பேரேடுகள் இருந்தன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் பிள்ளையார் சுழி, கீழே வரிவரியாகப் பற்றும் வரவும். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை, இந்தோசீனா ஆகிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் நடத்தியபோது, மும்பை முதலாளிகளை முடக்கிய அதே சிக்கல் அவர்கள் முன்னும் நின்றது. முதல் போட்டவர் தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ இருக்கிறார். கடை கடலுக்கு அப்பால் இருக்கிறது. பார்க்க முடியாத ஓர் ஆளை நம்பிப் பணத்தை ஒப்படைக்க வேண்டும்.

அதற்கு அவர்கள் வகுத்த ஏற்பாடு, இன்றைய ஆய்வாளர்களின் கேள்விப்பட்டியலில் வைத்துப் பார்த்தாலும் நல்ல மதிப்பெண் பெறும் என்பது என் கருத்து. வெளிநாட்டுக் கடையைப் பெரும்பாலும் முதலாளி நடத்தவில்லை; மேலாள் எனப்படும் ஏஜெண்டு நடத்தினார். அவருக்கு அடுத்தபடியாக அடுத்தாள், கடைசியில் வேலை பழகும் பெட்டியடிப் பையன். ஏஜெண்டின் பொறுப்புக் காலம் வழக்கமாக மூன்று ஆண்டு. சம்பளம் இவ்வளவு என்று சம்பளச் சீட்டில் எழுதி, அதில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்காக முன்பணமாகக் கொடுத்தார்கள். கடை நடப்பைப் பற்றிய கணக்கு ஊருக்கு ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். தவணை முடிந்ததும் ஐந்தொகை எனப்படும் இருப்புநிலைக் கணக்கை எடுத்து, லாபத்தைப் பார்த்து அவருக்கு ஒரு பங்கு கொடுப்பார்கள். இலக்கு, கண்காணிப்பு, ஊக்கம், ஆளை வளர்ப்பது ஆகிய எல்லாமே இதில் அடங்கியிருப்பதைக் காணலாம். ரங்கூனில் நகரத்தார் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்ததால், ஒரு கடையின் கணக்கை மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் ஒரு பொது அளவுகோல் கிடைத்தது. நேர்மை தவறிய ஏஜெண்டுக்கு, நகரத்தார் குடும்பங்கள் பிரிந்து சேர்ந்திருக்கும் ஒன்பது நகரக்கோயில்களில் எதைச் சேர்ந்த குடும்பமும் மறுபடி வேலை கொடுக்கத் தயங்கும் என்பதால், நீதிமன்றம் செய்ய வேண்டிய வேலையைச் சமூகமே செய்தது. மும்பை நெசவாலைக்காரர்களுக்கு இல்லாதது இதுதான் என்று நான் எண்ணுகிறேன். திருட்டு அச்சத்தை இப்படிக் கடந்ததால்தான், மகன்களின் எண்ணிக்கையைத் தாண்டி அவர்களுடைய கடைகள் பெருகின.

2007-ஆம் ஆண்டுக் கட்டுரையின் இன்னொரு முடிவையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். குடும்பத்துக்குச் சொந்தமான நிறுவனங்கள் என்பதாலேயே நிர்வாகம் மோசமாகிவிடவில்லை. மூத்த மகன் என்ற ஒரே காரணத்துக்காகத் தலைமைப் பொறுப்பு ஒருவருக்குப் போன நிறுவனங்களில்தான் மதிப்பெண் தெளிவாகக் குறைந்தது. உடைமை குடும்பத்திடமும் நிர்வாகம் வெளியாளிடமும் இருந்த நிறுவனங்கள் மற்றவற்றுக்குப் பின்தங்கவில்லை.

ஆனால் நம் வரலாறே இந்த ஆய்வுகளுக்கு ஓர் எல்லையையும் காட்டுகிறது. 1930-இல் உலகப் பொருளாதாரம் சரிந்து நெல் விலை விழுந்தபோது, பர்மிய விவசாயிகள் வாங்கிய கடனைத் திருப்ப முடியாமல் நிலங்களை விட்டார்கள். கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார்களின் நிலம், 1937 வாக்கில் 25 சதவீதமாயிற்று. பணமாகத் திரும்ப வேண்டியது நிலமாக வந்து சேர்ந்தது, உழுது வாழ்ந்தவர்கள் நிலத்தை இழந்தார்கள், பகை வளர்ந்தது, 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே திரும்பியவர்கள் பலர். பேரேடு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் நெல் விலையை அது தாங்கிப்பிடிக்காது. நடைமுறைகள் செயல்திறனின் ஒரு பகுதியைத்தான் விளக்குகின்றன. அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் வழியாக ஏறத்தாழ 35,000 ஆலைகளை ஆராய்ந்தபோது, உற்பத்தித்திறன் வேறுபாட்டில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை நடைமுறைகள் விளக்கின என்று தெரியவந்தது. அது சிறிய பங்கு அல்ல. முழுப் பங்கும் அல்ல.

எந்த நடைமுறையும் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்றும் எண்ணிவிடக் கூடாது. நைஜீரிய அரசு அலுவலகங்களில் 4,700 அளவிலான பொதுப்பணித் திட்டங்களை இம்ரான் ரசூலும் டேனியல் ரோகரும் ஆராய்ந்தார்கள். அலுவலர்களுக்குத் தாமே முடிவெடுக்கும் உரிமை கூடிய இடங்களில் திட்டங்கள் அதிகம் நிறைவேறின. கண்காணிப்பும் ஊக்கத்தொகையும் கூடிய இடங்களில் நிறைவேறுவது குறைந்தே காணப்பட்டது. துணி ஆலையில் மீட்டரை எண்ணலாம். சாலையோ கிணறோ போடும் அலுவலகத்தில், எண்ணத்தக்கதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், எண்ண முடியாத வேலை விடுபட்டுப்போகும். அதேபோல, ஒரு நடைமுறையை மட்டும் தனியே பிய்த்தெடுத்துக்கொண்டு வந்தாலும் பெரும்பாலும் பயன் இராது. அமெரிக்க எஃகு ஆலைகளின் 36 உற்பத்தி வரிசைகளை ஆராய்ந்து 1997-இல் வெளியான கட்டுரை, ஊக்கத்தொகை, குழுவாக வேலை செய்தல், பயிற்சி, வேலைப் பாதுகாப்பு ஆகியவை ஒன்றாக இருந்த இடங்களிலேயே உற்பத்தி தெளிவாகக் கூடியதைக் காட்டியது. நோட்டு மட்டும் இருந்து சனிக்கிழமைப் பேச்சு இல்லாவிட்டால், அல்லது குறையை எழுதியவரின் கூலியைப் பிடித்துவிட்டால், நோட்டில் யார் உண்மையை எழுதுவார்கள்?

மும்பை ஆலைகளுக்கு ஆய்வாளர்கள் மறுபடியும் போனார்கள். ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அன்று புகுத்திய நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தது. கேட்டபோது அவர்கள் அதிகம் சொன்ன காரணங்களில் இரண்டு, பழகிய மேலாளர் வேலையை விட்டுப் போனதும், முதலாளிக்கு நேரம் இல்லாமற்போனதும். ஆயினும் மீதிப் பாதி நிலைத்திருந்தது. ஒப்பீட்டு ஆலைகளுக்கும் இவற்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு அப்போதும் இருந்தது. ஒரே முதலாளியின் மற்ற ஆலைகளுக்கு அந்த நடைமுறைகள் பல பரவியிருந்தன. ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு மட்டும் அவை அதிகம் போய்ச் சேரவில்லை. ஒரே தொழிற்பேட்டையில், ஒரே சாலையின் இரு பக்கமும் இருக்கும் ஆலைகளிடையே ஒரு பெயர்ச்சீட்டோ காலைக் கூட்டமோ ஏன் பரவவில்லை, அதைப் பரவச் செய்ய என்ன வழி என்பதையே இந்தத் துறையில் உள்ளவர்கள் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.